படகின் சைலன்சரையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடை வாசலில் ஓடும் டீசல் ஜெனரேட்டருக்கு நம் நாட்டில் சத்த வரம்பு உண்டு. அதன் கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய அதே வகை ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினைப் படகில் ஏற்றி, நீளத் தண்டின் முனையில் புரொப்பெல்லரை மாட்டிவிட்டால் அந்த 75 என்ற கணக்கு பொருந்தாது. கூண்டும் கிடையாது. ஓட்டுபவரின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் அது நாள் முழுக்க வெடித்துக்கொண்டிருக்கும். சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பைக்கைப் போக்குவரத்துக் காவலர் மடக்கலாம். முட்டுக்காடு கழியிலோ பைக்காரா ஏரியிலோ ஓடும் படகைப் பற்றிக் கரையில் இருப்பவர் புகார் செய்ய வேண்டுமானால், எந்த எண்ணைக் காட்டிச் செய்வது?

பெரும்பாலும் கை நீட்டுவது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நோக்கித்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 என்று அவை சொல்கின்றன. இவை ஓர் இடத்தில் சேரும் மொத்தச் சத்தத்தின் சராசரிக்கான வரம்புகள். ஒரு படகு கரையோரமாகக் கடந்து போகும்போது 20 விநாடிக்கு 75 டெசிபல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 முறை கடந்தால் மொத்தம் 400 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் அது 9.5 குறையும். ஆக மணி நேரச் சராசரி 65.5, குடியிருப்பு வரம்பைவிடப் பத்துக்கும் மேல் அதிகம். ஆனால் அந்த 20 முறையும் 20 வெவ்வேறு படகுகளாக இருக்கலாம். ஒரு படகைத் தனியாக நிறுத்தி "நீ வரம்பை மீறினாய்" என்று சொல்ல இந்த விதியில் வழியில்லை. பொறுப்பு யார் தலையிலும் விழாமல் போவது இங்கேதான். ஆகவே வரம்பை ஒவ்வொரு படகின் மேலும் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

தண்ணீர் மேல் சத்தம் ஏன் இவ்வளவு தூரம் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. 25 மீட்டரில் 75 என்றால் 50-இல் 69, 100-இல் 63, 200-இல் 57. நிலத்தில் புல்லும் புதரும் இளமண்ணும் இன்னும் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும். நீர்ப்பரப்பு எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். விடியற்காலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். நண்பகலில் காதில் விழாத அதே படகு காலை ஐந்தரைக்கு அக்கரை வீட்டுக்காரரை எழுப்புவது இதனால்தான். அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் விதி எழுதினால் அது காகிதத்தோடு நின்றுவிடும். உல்லாசப் படகுகளின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் புகை புரொப்பெல்லரின் நடுக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகும்படிதான் தயாரிப்பாளர் அமைத்திருக்கிறார். ஆகவே நல்ல நிலையில் உள்ள 4 ஸ்ட்ரோக் அவுட்போர்டு பெரிய தொல்லை தராது. தொல்லை தருவது அதைக் கெடுத்து ஓட்டும் விதம். மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதை எத்தனையோ படகுத்துறைகளில் பார்க்கலாம். காரணம் கேட்டால் "எஞ்சின் சூடாகிறது" என்பார்கள். சூடாவதற்கும் மூடிக்கும் சம்பந்தமில்லை. குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் விறைத்தோ கிழிந்தோ போயிருக்கும், அல்லது உப்பு படிந்து பாதை அடைத்திருக்கும். பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் அதுதான் அறிகுறி. ஆண்டுக்கு ஒருமுறை இம்பெல்லரை மாற்றி, உப்புத் தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவினால் மூடியைக் கழற்றும் தேவையே வராது.

அடுத்த கோளாறு, எஞ்சினைப் பொருத்தும் உயரம். அவுட்போர்டுகள் 15 அங்குலத் தண்டு, 20 அங்குலத் தண்டு என்று வருகின்றன. 20 அங்குலப் பின்பலகை உள்ள படகில் 15 அங்குல எஞ்சினை மாட்டினால் புரொப்பெல்லர் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை உறிஞ்சும், ஆர்.பி.எம். எகிறும், புகை தண்ணீருக்கு மேலே வெடிக்கும், படகோ முன்னால் நகராது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எஞ்சினை அளவுக்கு மீறிச் சாய்த்து ஓட்டினாலும் இதே விளைவுதான். இதழ் வளைந்த, விளிம்பு கடிபட்ட புரொப்பெல்லர் தண்ணீருக்குள் குமிழிகளை உடைத்துத் தனிச் சத்தம் எழுப்பும். கரையில் நிற்பவருக்கு அது கேட்காது; மீனுக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) கேட்கும். தண்ணீருக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

முதலில் சொன்ன, நீளத் தண்டோடு வரும் லாங் டெயில் டீசல் எஞ்சின் வேறு வகை. காற்றால் குளிரும் எஞ்சின் ஆதலால் புகையில் தண்ணீர் கலந்து அடக்கும் வசதி கிடையாது. எல்லாச் சுமையும் சைலன்சர் மேல்தான். கூடவே வரும் சைலன்சர் சிறியது. உப்புக் காற்றில் துருப்பிடித்து, அதிர்வில் வெல்டிங் விட்டு விழும். விழுந்ததும் மாற்றாமல் வெறும் குழாயோடு ஓட்டுகிறார்கள். சைலன்சர் இல்லாவிட்டால் இழுவை கூடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. கரி அடைத்த சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடியதுபோலத் தெரியும், உண்மைதான். அதற்குக் காரணம் அடைப்பு நீங்கியது. சைலன்சரைச் சுத்தம் செய்தாலோ புதிதாகப் போட்டாலோ அதே இழுவை கிடைக்கும்.

சரியான சைலன்சர் எப்படி இருக்க வேண்டும்? அதன் உள் கொள்ளளவு, சிலிண்டர் கொள்ளளவைப் போல 5 முதல் 10 மடங்கு இருக்கட்டும். 500 சி.சி. எஞ்சின் என்றால் இரண்டரை முதல் ஐந்து லிட்டர். உள்ளே ஒரே அறையாக இல்லாமல் இரண்டு அறைகளாகத் தடுத்து, ஓட்டைக் குழாய்களால் இணைத்திருக்க வேண்டும். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே அதிர்வுக்கு நெளிந்துகொடுக்கும் மடிப்புக் குழாயான ஸ்டீல் பெல்லோஸ் ஒன்று கட்டாயம். சைலன்சரின் எடையைக் குழாயை இணைக்கும் ஃபிளாஞ்சில் தொங்கவிடாமல் எஞ்சின் சட்டத்திலேயே தனிப் பிடி வைத்துத் தாங்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் வெல்டிங் விடுகிறது. வாய் பின்பக்கமாகவும் கீழ்நோக்கியும் திரும்பியிருக்கட்டும். சாதாரண இரும்பைவிட 316 தரத் துருப்பிடிக்கா எஃகு விலை கூடுதல், ஆனால் கடல் காற்றுக்குத் தாங்கும். பொருத்திய பிறகு புகைக்குழாயில் சிறு துளையிட்டு, தண்ணீர் நிரப்பிய U வடிவக் குழாயை இணைத்து முழு வேகத்தில் எதிரழுத்தம், அதாவது வெளியேறும் புகைக்கு எழும் தடை, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால் கரும்புகை வரும், வால்வு எரியும். அப்படியானால் சைலன்சரின் குழாய் விட்டத்தைக் கூட்ட வேண்டுமே தவிர, சைலன்சரையே கழற்றி எறியக் கூடாது.

பெரிய படகுகளின் உள்ளே இருக்கும் இன்போர்டு டீசலுக்குத் தண்ணீர் கலந்த புகைக்குழாய்தான் சிறந்த வழி. எஞ்சினைக் குளிர்வித்து வரும் தண்ணீரைப் புகை வளைவில் பீய்ச்சி, ரப்பர் குழாய் வழியாக வாட்டர் லாக் என்னும் தொட்டிக்குள் விட்டு, அங்கிருந்து மேலேற்றி வெளியேற்றும் முறை. சத்தம் நன்றாக அடங்கும். ஆனால் தப்பாகப் பொருத்தினால் எஞ்சினையே கொன்றுவிடும். தொட்டி புகை வளைவுக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், உறிஞ்சு தடுப்பு வால்வு ஒன்றை நீர்மட்டத்துக்கு நன்கு மேலே வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நின்ற பின் தண்ணீர் தானாக வழிந்து சிலிண்டருக்குள் போய்விடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கும்போதும் இதே ஆபத்து: பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊத புகை இருக்காது. அப்போது கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு முயல வேண்டும், பற்றியவுடன் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் ரப்பர் குழாய் கருகும்.

எஞ்சின் பெட்டி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனமான பிளைவுட்டில் பெட்டி செய்து உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிவிட்டு, கையை விட்டுத் திறக்க ஓட்டை, குழாய் போக ஓட்டை, ஒயர் போக ஓட்டை என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டியின் மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறப்பாக இருந்தால், சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. விளிம்புக்கு ரப்பர் பட்டை, குழாய்களுக்கு ரப்பர் வளையம், காற்று வர உள்ளே பஞ்சு ஒட்டிய வளைந்த குழாய் என்று அமைக்க வேண்டும். பஞ்சின் முகப்பில் அலுமினியத் தாள் இருப்பது அவசியம். இல்லையென்றால் டீசலும் எண்ணெயும் ஊறித் தீப்பிடிக்கும் பொருளாகிவிடும். பெட்ரோல் எஞ்சினை ஒருபோதும் இப்படி மூடக் கூடாது. ஆவி தேங்கினால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும், அதற்கு ஊதுவிசிறியோடு கூடிய தனி அமைப்பு வேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் தளர்ந்தால் ஃபைபர் உடல் முழுவதும் பறைபோல அதிரும். மவுண்டு மாற்றியதும் தண்டின் நேர்கோட்டைப் படகு மிதக்கும் நிலையில் பார்க்க வேண்டும். கரையில் தூக்கி வைத்துப் பார்த்த அளவு, தண்ணீரில் இறங்கியதும் மாறிவிடும். எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கில் எந்தப் பக்கம் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டாலும் இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

சோதனைக்கு வருவோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டு அளவுகள் சட்டத்தில் உள்ளன. ஒன்று, படகு நின்ற நிலையில், எஞ்சின் நியூட்ரலில் மெதுவாக ஓடும்போது அளப்பது: 1993 முதல் தயாரான எஞ்சினுக்கு 88 டெசிபல், அதற்கு முந்தையதற்கு 90. மற்றொன்று கரையில் நின்று அளப்பது: 75 டெசிபல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு உல்லாசப் படகு நெறிமுறை, படகு கடந்து போகும்போது 25 மீட்டர் தள்ளி அளக்கச் சொல்கிறது: 10 கிலோவாட் வரை 67, அதற்கு மேல் 40 கிலோவாட் வரை 72, அதற்கும் மேல் 75.

நம் நாட்டுக்கு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நின்ற நிலைச் சோதனையைப் படகுத்துறையிலேயே பத்து நிமிடத்தில் முடிக்கலாம். மைக் தண்ணீருக்கு மேல் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்திலும், படகிலிருந்து 1 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும் இருக்க வேண்டும். மீட்டரை 94 டெசிபல் சத்தம் தரும் காலிபரேட்டர் கருவியில் முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டும், காற்றுத் தடுப்புப் பஞ்சு மாட்ட வேண்டும், சுற்றுச் சத்தம் படகின் சத்தத்தைவிட 10 டெசிபலாவது குறைவாக இருக்கும்போது அளக்க வேண்டும். கைபேசிச் செயலியில் எடுத்த எண்ணை வைத்து அபராதம் போட முடியாது. சந்தேகப்படும் படகை அடையாளம் காண மட்டும் அது உதவும்.

நின்ற நிலைச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. மெதுவாக ஓடும்போது அடக்கமாக இருந்து, ஆக்சிலேட்டரை முறுக்கியதும் அலறும் படகு அதில் தப்பிவிடும். அதற்காகத்தான் இரண்டாவது, கடந்து போகும் சோதனை. ஆனால் கரையில் 75 என்ற அமெரிக்க எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே போட்ட கணக்கில் 75-தான் 65.5 சராசரியைத் தந்தது. ஐரோப்பாவின் சிறு எஞ்சின் அளவான 67-ஐ வைத்து, கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வேகமாக ஓடக் கூடாது என்று மிதவை கட்டிவிட்டால், கரைக்கு வருவது 61. மணிக்கு அதே 20 முறை கடந்தாலும் சராசரி 51.5, நம் குடியிருப்புப் பகல் வரம்புக்குள் அடங்கிவிடும். பெரிய எஞ்சின் வேண்டும் என்பவர் இன்னும் தள்ளிப் போய் ஓட்டட்டும்.

இன்னொரு நுட்பம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் எஞ்சின் விநாடிக்கு 25 முறை வெடிக்கிறது. மனிதக் காதைப் போலத் தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தைக் குறைத்து மதிப்பிடும் வழக்கமான ஏ அளவீட்டில் மீட்டர் இந்த 25 ஹெர்ட்ஸ் சத்தத்தைச் சுமார் 45 டெசிபல் குறைத்துக் காட்டும். வீட்டு ஜன்னல் அதிரும், மீட்டரில் எண் ஏறாது. ஆகவே ஏ அளவீட்டோடு, அவ்வளவாகக் குறைக்காத சி அளவீட்டையும் பதிவு செய்ய வேண்டும். வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் சைலன்சரின் அறை போதவில்லை என்று பொருள்.

இதைச் செய்யத் தனியாக ஒரு துறை வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி இயந்திரக் கலங்களுக்குப் பதிவும் சர்வே சான்றிதழும் உண்டு. உயிர்காப்பு உடை, தீயணைப்பான் ஆகியவற்றைச் சரிபார்க்க வரும் சர்வேயர் கையில் ஒரு மீட்டரும் இருக்கட்டும். சைலன்சர் இல்லாதது, சைலன்சருக்குள் போகாமல் புகையைத் திருப்பிவிடும் கள்ளக் குழாய் இருப்பது, மேல் மூடி இல்லாதது ஆகிய மூன்றும் கண்ணால் பார்த்தே தள்ளுபடி செய்யக்கூடியவை. அதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

மீனவர்களின் படகை உல்லாசப் படகோடு ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. அவர்களுக்கு அது தொழில். விடியலுக்கு முன் கிளம்பியே ஆக வேண்டும். அபராதத்தோடு அவர்களிடம் போகக் கூடாது. எஞ்சின் வாங்க மானியம் தரும் திட்டங்களிலேயே தரமான சைலன்சரையும் பெல்லோஸையும் சேர்த்துத் தர வேண்டும், துருப்பிடித்தால் மாற்றித் தர வேண்டும். இதில் முதலில் பலன் பெறுவது அவர்களின் காதுதான். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 94 என்றால் 1 மணி நேரம்; 100 என்றால் 15 நிமிடம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். லாங் டெயில் படகில் எந்த இருவரும் சாதாரணக் குரலில் பேசிக்கொள்வதில்லை. கடலுக்குப் போய் வந்தவர் வீட்டிலும் உரக்கப் பேசுகிறார் என்றால் அது சுபாவம் அல்ல, செவி போய்விட்டது. சைலன்சர் வரும்வரை காதடைப்பான் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

உல்லாசப் படகுகளுக்கோ மின்சாரம் எட்டாத ஒன்றல்ல. ஜெர்மனியின் கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்படகுகள் ஓடுகின்றன. பக்கத்துக் கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் சூரிய மின்படகு 'ஆதித்யா' 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கொச்சி நீர் மெட்ரோவின் மின்படகுகள் 2023 ஏப்ரலில் வந்தன. எட்டுப் பேர் அமரும் படகு மெதுவாக அரை மணி நேரம் சுற்றிவர 4 கிலோவாட் போதுமென்றால் ஒரு சுற்றுக்கு 2 யூனிட், நாளுக்குப் பத்துச் சுற்றுக்கு 20 யூனிட். வேகம்தான் பேட்டரியைத் தின்னும்: இவ்வகைப் படகில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஸ்பீடு போட் ஓட்டும் இடத்துக்கு மின்சாரம் இன்று எளிதல்ல, ஏரியைச் சுற்றிக் காட்டும் படகுக்கு எளிது. சத்தமில்லாத படகு வருவது துடுப்புப் படகில் இருப்பவருக்குத் தெரியாது என்பதையும் கவனிக்க வேண்டும். வளைவுகளில் ஒரு சிறு ஹார்ன், முன்னால் பார்வையை மறைக்காத இருக்கை, வேக வரம்பு மூன்றும் அதோடு சேர்ந்தே வர வேண்டும்.

50 மீட்டர் தள்ளி ஓட்ட இடமே இல்லாத நீர்நிலைகளும் உண்டு. பிச்சாவரம் சதுப்புக்காட்டின் குறுகிய கால்வாய்கள் அப்படிப்பட்டவை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது; பறவைகள் தலைக்கு மேலேயே கூடு கட்டும். அங்கெல்லாம் சைலன்சர் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வேண்டாம்: துடுப்பு அல்லது மின் மோட்டார், அவ்வளவுதான். அகன்ற கழிக்குள் மட்டும் எஞ்சின் போகட்டும்.

படகில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போடுவதற்கு ஏற்கெனவே ஒலிபெருக்கி விதிகள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தினாலே போதும்.

கோடைக் கூட்டம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு படகுத்துறையும் மார்ச் மாதத்துக்குள் இம்பெல்லர், மூடி, சைலன்சர், மவுண்டு ஆகியவற்றைப் பார்த்து முடித்து, படகின் பதிவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டு அளந்த டெசிபல் எண்ணையும் பெயிண்டில் எழுதிவைக்கும்படி சுற்றுலா, மீன்வளத் துறைகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து ஓர் உத்தரவு போடலாம். ஏறும் பயணி அதைப் படிக்கலாம், கரையில் இருப்பவர் புகாரில் அதைக் குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் பழுதுபார்ப்போர் சிலர்,
கடலூர் மாவட்டம்